தோல் பலகையில் உளி தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“உளியைக் கல்லில் அரை மணி நேரம் தீட்டினேன், கைமுடியை வழித்தது, ஆனால் மரத்தில் நாலு சீவல் சீவியதும் மழுங்கிவிட்டது.” மரச்செதுக்கு பழகத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் சொன்ன குறை இதுதான். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு துண்டுத் தோல் இருந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் குறை வந்திருக்காது. அந்தத் தோலை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஒட்டுவது, எப்படிப் பழக்குவது என்று வந்த கேள்விகளையும், உளியோடு புழங்கியதில் எனக்குப் பிடிபட்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தோல் பலகை என்கிறீர்களே, அது என்ன?

தட்டையான மரப்பலகையில் ஒட்டிய தோல், அதன் மேல் கொஞ்சம் மெருகுப் பசை. அவ்வளவுதான். ‘ஸ்ட்ராப்’ என்று ஆங்கிலப் பெயரில் தேடினால் செய்து விற்பதும் கிடைக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதன் மூத்த வடிவம் நினைவிருக்கலாம்: சலூனில் தொங்கிய நீளமான தோல் வார். சவரக் கத்தியை விரித்து அந்த வாரில் புரட்டிப் புரட்டி இழுத்துவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார்கள். பிளேடு மாட்டும் கத்தி வந்து, ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக்கூடாது என்ற சுகாதார எச்சரிக்கையும் சேர்ந்ததும் வாருக்கு வேலை இல்லாமல் போயிற்று. உளிக்கு வேண்டியதும் அதே தோல்தான். தொங்கவிடாமல் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

கல்லில் நன்றாகத் தீட்டினால் போதாதா? எங்கள் ஊர் ஆசாரி தோலெல்லாம் வைத்துக்கொண்டதில்லையே?

அவர் கையைக் கவனித்துப் பாருங்கள். நான் பார்த்த ஆசாரிகள் பலர் கல்லை விட்டு எடுத்ததும் உளியை உள்ளங்கையில் இப்படியும் அப்படியும் நாலு இழுப்பு இழுப்பார்கள். காய்ப்புக் காய்த்த அந்த உள்ளங்கைதான் அவர்களுடைய தோல் பலகை. பழக்கமில்லாதவர்கள் அதைச் செய்ய வேண்டாம், கை கிழிந்துவிடும்.

அந்த நாலு இழுப்பு எதற்கு? உளியின் சரிவை (நுனியை நோக்கிச் சாய்வாகத் தேய்த்த முகத்தை) கல்லில் தேய்க்கும்போது, வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஓரத்துக்கு வந்த இரும்பு முழுதாகத் தேய்ந்து விழுந்துவிடாது. வெள்ளித்தாளை விட மெல்லிய ஒரு தகடாக மறுபக்கம் மடங்கி நிற்கும். இதுதான் பிசிறு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். உளியின் தட்டைப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, உளியின் உடம்பிலிருந்து வாயை நோக்கி மெதுவாக இழுத்து அப்படியே வெளியே விடுங்கள். (வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள்.) பிசிறு இருந்தால் தோலில் லேசாகச் சொரசொரவென்று இடறும்.

இந்தப் பிசிறோடு கைமுடியை வழித்தால் வழிக்கும். காகிதத்தையும் கிழிக்கும். ஆனால் மரத்தில் வைத்ததும் மடங்கும், இல்லையென்றால் ஒடியும். ஒடிந்த இடம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். நாலு சீவலில் மழுங்கிப் போனதாக நண்பர்கள் சொன்ன கதை இதுதான். உண்மையில் அந்த உளி இன்னும் முழுதாகக் கூராகவே இல்லை. தோல் செய்யும் முதல் வேலை, அந்தப் பிசிறை நெம்பி ஒடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பது.

அப்படியானால் தோல் பலகை கூராக்காதா? பிசிறை மட்டும்தான் எடுக்குமா?

பசை தடவிய தோல் இரும்பை நிச்சயம் தேய்க்கும். பச்சைப் பசை (பச்சை நிற மெருகுக் கட்டி, கீழே சொல்கிறேன்) பூசிய பலகையில் உளியைப் பத்துத் தடவை இழுத்துவிட்டுப் பாருங்கள், கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். அந்தக் கறுப்பு உளியிலிருந்து வந்த இரும்புத் தூள்.

ஆனால் எவ்வளவு தேய்க்கும் என்பதில்தான் பலருக்கும் தவறான எண்ணம். 1000 எண் ஜப்பானியத் தண்ணீர்க் கல்லில் உள்ள துகள் ஏறக்குறைய 10 முதல் 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பச்சைப் பசையில் உள்ள குரோமியம் ஆக்சைடு அரை மைக்ரான் அளவில் இருக்கும். மொண்ணையாகிப் போன உளியைத் தோலில் தீட்டிச் சரிசெய்யப் பார்ப்பது, குண்டும் குழியுமாக உள்ள கல் தரையைத் துணியால் துடைத்தே சமப்படுத்தப் பார்ப்பது போல. சாயங்காலம் வரை இழுத்தாலும் நடக்காது. கூராக இருப்பதைக் கூராகவே வைத்திருக்கத்தான் தோல். மழுங்குவதற்கு முன்பே அதில் நாலு இழுப்பு இழுத்துவிட்டால், கல்லுக்குப் போக வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போகும்.

எந்தத் தோல் வாங்க வேண்டும்?

மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல், 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தோலைப் பதனிட இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று குரோமியம் உப்பில் பதனிடுவது. ஒரு நாளைக்குள்ளேயே பெரும்பகுதி முடிந்துவிடும், தோல் மெத்தென்று வளையும், நீளும். செருப்பின் மேல்பாகம், கைப்பை, சோபா எல்லாம் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று மரப்பட்டை, காய்களின் துவர்ப்பில் ஊறவைத்துப் பதனிடுவது. இதற்கு நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஆகும். தோல் விறைப்பாக, இறுக்கமாக வரும். நமக்கு வேண்டியது இந்த விறைப்பு. மெத்தென்ற தோலில் உளியை அழுத்தினால் தோல் அமுங்கி, வாய் தாண்டிப் போகும்போது மேலெழும்பி வாயைச் சுற்றி வழியும். அப்போது கூர்முனை உருண்டு போகும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடுவது நம் ஊரின் பழைய தொழில். அந்தத் தோலுக்குத்தான் வணிக உலகில் ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று பெயர். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரங்கள் இதற்குப் பேர் போனவை. இப்போது ஆவாரம்பட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு சேர்க்கிறார்கள், நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போனால் குரோம் தோலே அதிகம், அதனால் கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் பெரியமேடு தோல் கடைகளில் துண்டுத் தோல் கிடைக்கும். முழுத் தோல் வாங்கத் தேவையில்லை, வெட்டிக் கழித்த துண்டுகளே போதும்.

கடையில் நின்றபடி எப்படி இனம் காண்பது? தோலின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பட்டையில் பதனிட்டது உள்ளே வரை ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலம் அல்லது சாம்பல் நிறம் ஓடும். மேல்பூச்சு இல்லாத பட்டைத்தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீக்கிரம் உறிஞ்சி அந்த இடம் கறுக்கும். மணமும் வேறு. ஈர மரப்பட்டையின் துவர்ப்பு மணம் ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் மறக்காது. ஆட்டுத்தோல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே கனம் இருக்கும், அது வாய் வளைந்த உளிக்கு உதவும். கீழே சொல்கிறேன்.

பழைய பெல்ட்டை வெட்டி ஒட்டலாமா?

உண்மையான தோலாக இருந்தால் தாராளமாக. நான் செய்த முதல் பலகையே பெல்ட்டில்தான், அது கெட்டுப்போனதும் அதனால்தான். ‘அசல் தோல்’ என்று முத்திரை குத்தி விற்ற பெல்ட். ஒட்டி, பசை தடவி, ரெண்டு வாரம் ஓடியது. அப்புறம் மேலே பிளாஸ்டிக் படலம் பாளம் பாளமாக உரிந்து, உள்ளே காகிதக்கூழ் மாதிரி ஒன்று தெரிந்தது. தோல் தூளைப் பசையில் குழைத்து அழுத்திய அட்டை அது. அந்தச் சிம்புகளில் உளி மாட்டி மாட்டி நின்றது. ஒரு வாரம் பாடுபட்டுத் தீட்டிய வாயைத் திரும்பவும் கல்லில் ஆரம்பத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கியதற்கு ஒரு வார உழைப்பு போனது இன்னும் வருத்தம்தான்.

அதனால் ஒட்டுவதற்கு முன் பெல்ட்டின் நுனியில் ஒரு சிறு நறுக்கு வெட்டித் தீக்குச்சியில் காட்டுங்கள். தோல் என்றால் முடி கருகும் வாடை வரும், கரி பொடியாக உதிரும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். மேலே பளபளப்புப் பூச்சு இருந்தால் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தையல் ஓடிய பெல்ட் ஆகாது, நூல் மேட்டில் உளி ஏறி இறங்கும்.

தோலின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்?

முடி இருந்த பக்கம் வழவழப்பு, சதை இருந்த பக்கம் சொரசொரப்பு. இதைப் பற்றி மரவேலைக்காரர்களுக்குள் ஓயாத விவாதம் உண்டு. சதைப்பக்கம் பசையை நன்றாகப் பிடித்துவைக்கும், வேகமாகத் தேய்க்கும். முடிப்பக்கம் இறுக்கம், முனையை உருட்டாது, கடைசி மெருகுக்கு நல்லது. என் வழி, பலகையின் ஒரு முகத்தில் சதைப்பக்கம், மறுமுகத்தில் முடிப்பக்கம். ஒன்றுதான் செய்வேன் என்றால் சதைப்பக்கத்தை மேலே வைத்து, நார் எழும்பாமல் உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

பலகை என்ன அளவு? எப்படி ஒட்டுவது?

12 அங்குல நீளம், 2½ முதல் 3 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். ஒரு முனையில் பிடிக்க நாலு அங்குலம் கூடுதலாக விட்டுக்கொள்ளலாம். பழைய தேக்குச் சட்டம், நல்ல பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எது வேண்டுமானாலும் ஆகும். முக்கியம் தட்டையாக இருப்பது. ஸ்டீல் ஸ்கேலை நெட்டுவாக்கில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் பலகையில் பள்ளம். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து அதில் பலகையைத் தேய்த்தால் சரியாகிவிடும்.

தோலைப் பலகையை விடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுங்கள். ஒட்டுவதற்கு வெள்ளை மரப்பசை போதும். ஒட்டும் முகத்தை 80 எண் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, பலகையில் பசையை மெல்லிசாக, விளிம்பு வரை, பழைய ஏ.டி.எம். அட்டையால் இழுத்துப் பூசுங்கள். திட்டுத் திட்டாக விட்டால் அந்த இடம் மேடாகி நிற்கும். தோலைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, காற்றை வெளியேற்றி, மேலே பிளாஸ்டிக் தாள், அதற்கு மேலே இன்னொரு தட்டைப் பலகை, அதற்கு மேலே அம்மிக்குழவியோ செங்கல்லோ வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். செருப்புக் கடையில் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனும் ஒட்டும். இரண்டு முகத்திலும் பூசி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும், சேர்த்தபின் நகர்த்த முடியாது. புதிதாகச் செய்பவர்கள் வெள்ளைப் பசையிலேயே ஆரம்பிக்கலாம்.

மறுநாள் தோலைக் கவிழ்த்து வைத்து, பலகை விளிம்பை ஒட்டிக் கத்தியால் மிச்சத்தை அறுத்தெடுங்கள். கடைசியாகத் தட்டையான கட்டையில் 120 எண் தாளைச் சுற்றித் தோலின் மேல்முகத்தைத் தேய்த்துத் தூசியைத் தட்டிவிடுங்கள். தடவிப் பார்த்தால் மெல்லிய வெல்வெட் மாதிரி இருக்க வேண்டும்.

எந்தப் பசை? பற்பசை போதும் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே?

எவர்சில்வர் பாத்திரத்துக்கு மெருகு போடும் பச்சைக் கட்டி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். அதில் குரோமியம் ஆக்சைடு இருக்கும், பல கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும். மரவேலைக்கு இது தாராளம். உலோகத்துக்கான மெருகு கிரீமும் நடக்கும்.

பற்பசை வேண்டாம். பற்களைக் காயப்படுத்தாத அளவுக்கு மென்மையான பொடிதான் அதில் சேர்க்கிறார்கள், பலவற்றில் அது சுண்ணப் பொடி. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணம் 3, குரோமியம் ஆக்சைடு 8க்கு மேல், அலுமினியம் ஆக்சைடு 9. பதம் ஏற்றிய எஃகை 3ஆல் தேய்க்க முடியாது. செங்கல் பொடியும் வேண்டாம், அதில் பெரிய மணல் துகள் ஒன்று இருந்தால் போதும், வாயில் கோடு விழும்.

வைரப் பசை சிறிய ஊசிக்குழாயில் வருகிறது. விலை உயர்ந்த கலப்பு எஃகில், குறிப்பாக வனேடியம் அதிகம் உள்ளவற்றில், பச்சைப் பசை வழுக்கும். அங்கே வைரம் வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு உளிக்குத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: ஒரு தோலுக்கு ஒரு பசை. பெரிய துகளும் சிறிய துகளும் கலந்தால் பெரியதே ஜெயிக்கும்.

பசையை எப்படிப் பூசுவது? எண்ணெய் தடவ வேண்டுமா?

புதுத் தோல் வறண்டிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் மூன்று நாலு சொட்டு விட்டு விரலால் பரப்புங்கள். நல்லெண்ணெய், ஆளிவிதை எண்ணெய் போடாதீர்கள், நாளானால் பிசுபிசுக்கும், சிக்கு வாடை அடிக்கும். அப்புறம் கட்டியை எடுத்துக் குழந்தைகள் மெழுகுக் கலரில் கிறுக்குவது போல மேலும் கீழும் தேயுங்கள். கட்டி கெட்டியாக இருந்து ஏறவில்லை என்றால் தோலை ஐந்து நிமிடம் வெயிலில் காட்டினால் இளகிக்கொள்ளும். தோலின் நிறம் பச்சைக்கு அடியில் கொஞ்சம் தெரிய வேண்டும். தடிமனாக அப்பினால் பசை பொருக்காக நின்று, உளி தோலில் படாமல் அந்தப் பொருக்கில் சறுக்கும்.

சரி, இனி எப்படித் தீட்டுவது?

முதலில் உளியைத் துடையுங்கள். கல்லின் ஒரு துகள் உளியோடு வந்து தோலில் புதைந்தால் அந்தத் தோல் அப்புறம் உப்புத்தாள்தான்.

பலகையை மேசையில் நழுவாமல் வையுங்கள், அடியில் ஈரத்துணி போதும். உளியின் சரிவை, எதிர் முனையில், தோலின் மேல் வையுங்கள். 4 மில்லிமீட்டர் கனமுள்ள உளியில் 25 பாகைச் சரிவு என்றால் அந்தச் சரிவின் நீளம் ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர். அவ்வளவு பரப்பு தோலில் முழுதாக உட்கார வேண்டும். முதலில் சரிவின் அடிப்பாகம் மட்டும் படும்படி தாழ்வாக வைத்து, பிடியை மெல்ல உயர்த்துங்கள். வாய் தோலைத் தொடும் அந்தக் கணத்தில் ஒரு சின்னத் தடை கையில் தட்டுப்படும். அங்கேயே நிறுத்துங்கள், அதுதான் கோணம். கல்லில் வாயை மட்டும் 30 பாகைக்குத் தீட்டியிருந்தால் தோலிலும் அந்த 30தான்.

இப்போது உங்களை நோக்கி இழுங்கள். வாய் பின்னால் வர வேண்டும், பிடி முன்னால் போக வேண்டும். ஒருபோதும் வாயை முன்னே வைத்துத் தள்ளாதீர்கள், தோல் அறுந்துவிடும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து இழுங்கள். அழுத்தம், உளியின் எடையும் ஒரு விரலின் எடையும் சேர்ந்த அளவு.

பலகையின் இந்தப் பக்கம் வந்ததும் கை நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் உளியை நேராக மேலே தூக்க வேண்டும். எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. இழுத்த வேகத்திலேயே மணிக்கட்டைச் சுழற்றித் தூக்குவார்கள், அந்தச் சுழற்சியில் வாய் தோலில் செங்குத்தாக உரசும். சத்தம்கூட மாறும்: சரியான இழுப்பில் கடைசி வரை ஒரே ‘ஸ்ஸ்’, தவறான இழுப்பில் முடிவில் ஒரு ‘டக்’. கண்ணை மூடிக்கொண்டு பத்து இழுப்பு இழுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள்.

சரிவில் பத்து இழுத்ததும் உளியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தைத் தோலில் முழுதாகப் படுக்க வைத்து இரண்டு மூன்று இழுப்பு. பிடியை ஒரு நூல்கூட உயர்த்தக் கூடாது. பிசிறு அப்போது சரிவுப் பக்கம் லேசாகத் திரும்பும். திரும்பவும் சரிவில் ஐந்து, தட்டையில் இரண்டு, சரிவில் மூன்று, தட்டையில் ஒன்று. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் பிசிறு இங்குமங்கும் மடங்கி மெலிந்து காணாமல் போகும்.

எத்தனை தடவை இழுக்க வேண்டும்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?

கல்லிலிருந்து வந்ததும் இருபது முப்பது. வேலை நடுவில் பத்து போதும். செதுக்கும்போது நான் கால் மணிக்கு ஒருமுறை, கடின மரமானால் அதற்கும் முன்பே இழுத்துவிடுவேன். உளி மழுங்கிவிட்டது என்று தோன்றும் வரை காத்திருக்காதீர்கள். மரத்தில் உளி போன தடத்தில் பளபளப்பு குறைந்து வெளிறிக் கோடு தெரிய ஆரம்பித்ததும் எழுந்து போங்கள்.

நன்றாகத்தான் தீட்டுகிறேன், ஆனால் நாளாக நாளாக வெட்டு மோசமாகிறதே?

முனை உருண்டிருக்கிறது. தோல் கொஞ்சமாவது அமுங்கத்தான் செய்யும், அதனால் நூறு தடவை, ஆயிரம் தடவை இழுத்த பிறகு வாயின் கடைசி நூலிழை வளைந்து மொண்ணையாகிறது. அழுத்தம் அதிகம், கோணம் அதிகம், முடிவில் சுழற்றித் தூக்குதல் மூன்றும் இதை விரைவாக்கும். சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டுத் தோலில் மூன்று இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாய் ஓரத்தில் மட்டும் மை அழிந்தால் கோணம் அதிகம். அடியில் மட்டும் அழிந்தால் வாய் தோலைத் தொடவே இல்லை. சரிவு முழுக்க அழிந்தால் சரி.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பத்துப் பதினைந்து முறை தோலில் தீட்டிய பின் ஒருமுறை நைஸ் கல்லுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். கல் இல்லாதவர்கள் கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி 400, 800, 1200, 2000 என்று போகலாம். நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

கூர் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கைமுடி வழிப்பதை நான் நம்புவதில்லை, பிசிறும் வழிக்கும் என்று மேலே சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் வாயை உங்களுக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக, புள்ளியாக மின்னும். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, வாய் இருக்கும் இடமே தெரியாது. அப்புறம் கொஞ்சம் பஞ்சை எடுத்து வாயின் இரு பக்கமும் வெளிநோக்கித் தடவுங்கள், பிசிறு மிச்சமிருந்தால் ஒரு இழை மாட்டும்.

கடைசிச் சோதனை மரம். பேக்கிங் பெட்டியின் பைன் பலகைத் துண்டை நிமிர்த்தி, அதன் நார்முனையில், அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், உளியால் ஒரு சீவல் எடுங்கள். பைன் மென்மரம், மழுங்கிய உளி அதன் நார்களை நசுக்கிப் பிய்க்கும், முகம் வெண்பொடியாக இருக்கும். கூரான உளி போன இடம் ஈரம் பட்டது போல் கறுத்து மின்னும், ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். முதல்முறை அந்த முகத்தைப் பார்த்தவர்கள் உளியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

வாய் வளைந்த உளி, ‘வி’ உளியை எப்படித் தீட்டுவது?

தட்டைப் பலகையிலேயே வெளிப்பக்கத்தைத் தீட்டலாம்: குறுக்காக வைத்து, இழுக்கும்போதே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தைத் தாண்டி உருட்டினால் மூலை தேய்ந்துவிடும்.

இன்னும் நல்ல வழி, உளிக்கு அளவெடுத்த பள்ளம். ஒரு மென்மரக் கட்டையில் அந்த உளியாலேயே நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அந்த உளி வெட்டிய பள்ளம் அந்த உளிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதில் பசையைத் தேய்த்து, உளியை அதிலேயே பின்னிழுத்தால் வெளிப்பக்கம் முழுதும் ஒரே இழுப்பில் மெருகேறும். தோலே தேவையில்லை. உள்பக்கத்துக்கு, பென்சில் அல்லது உருளைக் குச்சியில் ஆட்டுத்தோலைச் சுற்றி ஒட்டிப் பசை தடவி, குச்சியை உள்ளிருந்து வெளியே இழுங்கள். ‘வி’ உளியின் உள்மடிப்புக்குக் கட்டையின் கூர்மூலையே போதும்.

சமையலறைக் கத்திக்கும் அரிவாள்மனைக்கும் ஆகுமா?

கத்திக்கு நன்றாகவே ஆகும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை, ஒரு பக்கம் ஒரு இழுப்பு, மறுபக்கம் ஒரு இழுப்பு என்று மாறி மாறி. எவர்சில்வர் கத்தியில் பிசிறு பிடிவாதமாக ஒட்டியிருக்கும், அழுத்தாமல் பொறுமையாக இழுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் காய்கறியில் வைக்காதீர்கள், பசை வயிற்றுக்குப் போக வேண்டிய பொருள் அல்ல.

அரிவாள்மனையில் அலகு மணையோடு பொருத்தியிருக்கும், அதைத் தோலுக்குக் கொண்டுபோக முடியாது. தோலைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ்குச்சியை விடக் கொஞ்சம் அகலமான ஒரு பட்டைக் குச்சியில் தோலை ஒட்டி, பசை தடவி, அலகின் முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே வருமாறு தடவுங்கள். மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, கை எப்போதும் வாய்க்கு அந்தப் பக்கம் போகாமல். நுனியில் உள்ள தேங்காய்த் துருவிப் பல்லைத் தொட வேண்டாம். பல் வைத்த கருக்கரிவாளுக்கும் ரம்பக் கத்திக்கும் தோல் உதவாது.

அதே பலகையில் சவரக் கத்தியையும் தீட்டலாமா?

வேண்டாம். அதற்குத் தனியாக, பசை இல்லாத, முடிப்பக்கம் மேலாக உள்ள வழவழப்பான வார் வேண்டும். உளி தீட்டிய தோலில் இரும்புத் தூளும் கல் துகளும் இருக்கும், முகத்தில் வைக்கும் வாய் அதைத் தாங்காது.

தோல் பயன்படுத்த விருப்பமில்லை. வேறு வழி?

எம்.டி.எஃப் பலகையில் நேரடியாகப் பசையைத் தேயுங்கள். தோலைவிட இறுக்கம், முனை உருளாது. தட்டை உளிக்கு இது தோலுக்கு ஈடாகவே வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஜீன்ஸ் துணியைப் பலகையில் இழுத்து ஒட்டியும் செய்யலாம். அவசரத்துக்கு நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டை.

மோட்டாரில் மாட்டும் பஃப் சக்கரம் (மெருகு போடும் துணிச் சக்கரம்) வேகமாக இருக்குமே?

வேகம்தான். முனையை உருட்டுவதும் அதே வேகம். இன்னொன்று, வாய் சக்கரத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டால் உளியைப் பிடுங்கி உங்கள் மேலேயே எறியும். கை பழகும் வரை பலகையே நல்லது.

மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கிறது. எப்படிப் பராமரிப்பது?

பட்டைத்தோலுக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் பலகையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் காற்றோட்டமாக ஆணியில் தொங்கவிடுங்கள். வெண்பூஞ்சை படிந்தால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, அரை மணி வெயில் காட்டினால் போதும். நாள் முழுக்க வெயிலில் போட்டால் தோல் சுருங்கி ஓரம் பெயரும்.

பசை கறுத்துக் கெட்டியானதும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்து, 120 தாளில் லேசாகத் தேய்த்து, புதிதாகப் பூசுங்கள். வாரம் ரெண்டு மூன்று நாள் வேலை செய்பவருக்கு இது மாதம் ஒருமுறை வரும். ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்தால் பயமில்லை, அந்த உதட்டை மட்டும் பிளேடால் சீவிச் சமப்படுத்தலாம். நடுவில் ஆழமாக விழுந்தால் தோலை மாற்றுங்கள். வெந்நீரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் மேலே போட்டு வைத்தால் வெள்ளைப் பசை இளகி, பழைய தோல் ஒரு மூலையிலிருந்து உரிந்து வந்துவிடும். பலகை காய்ந்ததும் ஸ்கேலை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த தோலை ஒட்டலாம்.